'சூ' சொல்லக் கூடாத சேவல்

சிறுசேரியில் என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி கூடுவாஞ்சேரிப் பக்கம் தனி வீடு வாங்கிக் குடிபோனாள். ஏற்கெனவே ஒரு நாய் வைத்திருந்தவள், இடம்தான் இருக்கிறதே என்று போன மாதம் ஆறு நாட்டுக்கோழியும் வாங்கிவிட்டாள். நான்காம் நாள் காலை அலுவலக வண்டியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளின் கண் வீங்கியிருந்தது.

"ஆறு இப்போ அஞ்சு," என்றாள். "நாயை யாருக்காவது குடுத்துடலாம்னு வீட்ல சொல்றாங்க."

"குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் எழுதி வை. எப்போ பாஞ்சுது, எங்க பாஞ்சுது, அதுக்கு முன்னாடி யார் என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க."

"எதையும் லிஸ்ட் போடாம இருக்க மாட்டியா நீ?"

மாட்டேன். அந்தப் பழக்கம் எனக்குக் கல்லூரியில் வந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். வந்தது பத்து வயதில், ஒரு நாயால். அவளுக்கு வண்டியில் பாதிதான் சொல்ல முடிந்தது. நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து முழுதாக எழுதிவிடுகிறேன்.

முழுப்பரீட்சை முடிந்ததும் நாம் என்ன செய்வோம் என்று ஞாபகம் இருக்கிறதா? எல்லா நோட்டிலும் எழுதாமல் மிஞ்சிய தாள்களைக் கிழித்தெடுத்து, நடுவில் தைத்து, அடுத்த வருடத்துக்கு ரஃப் நோட்டு செய்துகொள்வோம். ஐந்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில் நான் செய்தது வலை பின்னுகிற நைலான் நூலால் தைத்தது. கோடு போட்ட தாள், போடாத தாள், கட்டம் போட்ட தாள் எல்லாம் கலந்து கிடக்கும். கடைசிவரை ஒரு தாள்கூடக் கழன்று விழவில்லை. அதன் முதல் பக்கத்தில், 'மணி' என்று தலைப்பு எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன்.

மணி நாய். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் கோழிகளைச் சொல்ல வேண்டும்.

கோழிகள் அத்தையுடையவை. அத்தை அப்பாவின் அக்கா. மாமல்லபுரத்துக்கு வடக்கே இருக்கிற எங்கள் குப்பத்தில் அவள் வீடும் எங்கள் வீடும் ஒரே மணல் முற்றத்தில், நடுவில் வேலியில்லாமல் இருந்தன. விடிகிற நேரத்தில் மீன்கூடையோடு திருக்கழுக்குன்றம் பஸ் ஏறுவாள். வெயில் ஏறியதும் வெறுங்கூடையோடு திரும்புவாள். பிள்ளை இல்லாதவள். அதை அவள் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, அவள் வாய் அப்படி. மீன் அவளுக்குப் பிழைப்பு. கோழிகள்தான் அவளுக்குச் சொந்தம்.

பதினொரு கோழியும் ஒரு சேவலும். இரவில் அவை அடைந்தது ஒரு உடைந்த ஃபைபர் படகின் முன்பாதியில். எப்போதோ பாறையில் மோதி இரண்டாகப் போன படகு. பின்பாதி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. முன்பாதியைக் கவிழ்த்துப் போட்டு, திறந்த பக்கத்துக்கு ஒரு பலகையைக் கதவாக வைத்திருந்தாள். காலையில் பலகையை எடுத்ததும் படகுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக மணலில் இறங்கி, சிறகை உதறிவிட்டு, கடலைப் பார்த்து நடக்கும். உள்ளே தலையை விட்டு முட்டை எடுப்பது என் வேலை. உப்பும் கோழி எச்சமும் வெயிலில் சுட்ட ஃபைபரும் சேர்ந்த அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. படகுதான் இல்லை. அந்த இடத்தில் ஒரு தங்கும் விடுதியின் சுற்றுச்சுவர் நிற்கிறது.

பகலெல்லாம் கோழிகள் தங்கள் இஷ்டம்தான். படகுகளின் அடியில் மணலைக் கிளறும், வலையிலிருந்து உதிர்ந்த செதிலைப் பொறுக்கும், குட்டி நண்டைத் துரத்தும். அடைத்து வைத்தால் முட்டை நாறும் என்பாள் அத்தை.

சேவலின் கதை வேறு. முந்தின ஐப்பசியில் அப்பாவின் படகு எஞ்சின் நின்றுபோய், காற்று இழுத்த பக்கமெல்லாம் இரண்டு நாள் போனது. கரையில் நின்றுகொண்டு அத்தை வேண்டிக்கொண்டாள்: தம்பி திரும்பி வந்தால் வருகிற ஆடிக்கு அம்மனுக்கு ஒரு சேவல். தம்பி வந்தார். அன்று சாயங்காலமே ஒரு செவலைச் சேவல் குஞ்சைப் பிடித்து, காலில் மஞ்சள் துணி கட்டி நேர்ந்து விட்டாள்.

நேர்ந்து விட்டதை விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, 'சூ' என்று விரட்டக்கூடக் கூடாது. இது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். அது எங்கள் வீட்டுக்குள் வந்து சோற்றுப் பானையின் மூடியைக் கொத்தினால், அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "போங்க சாமி, போயிட்டு அப்பறமா வாங்க," என்பாள். சேவல் ஒரு கண்ணால் அவளைப் பார்த்துவிட்டு சாவகாசமாக நடந்து போகும். அது ஓடி நான் பார்த்ததே இல்லை. ஓட வேண்டிய அவசியம் அதன் வாழ்க்கையில் வந்ததே இல்லை.

இனி நாய்.

வெயில் காலத்தில் அம்மா நெத்திலி காயப் போடுவாள். மணலில் பழைய வலையை விரித்து, அதன் மேல் மீனைப் பரப்பி, காக்கை வராமல் பார்த்துக்கொள்ள என்னை உட்கார வைப்பாள். தலையில் ஈரத்துண்டு, கையில் சவுக்குக் கம்பு. ஐந்து காக்கை இந்தப் பக்கம் நின்று என்னைக் கம்போடு இழுக்கும். ஆறாவது அந்தப் பக்கத்திலிருந்து தூக்கிக்கொண்டு போகும். சாயங்காலம் அம்மா வந்து வலையில் விழுந்த இடைவெளிகளைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள்.

அம்மாவின் தம்பி லாரி ஓட்டுகிறவர். அந்தச் சித்திரையில் தெற்கே லோடு போய்விட்டுத் திரும்பும்போது, லாரியிலிருந்து ஒரு நாயை இறக்கினார். காலெல்லாம் நீளம், இடுப்பு ஒரு பிடி, விலா எலும்பை எண்ணலாம்.

"வேட்ட நாய் மச்சான். மொயலுக்குன்னே பொறந்தது," என்றார் மாமா அப்பாவிடம்.

"இங்க மொயலுக்கு எங்கடா போவ? நண்டுதான் கீது."

"அக்கா காக்காவால பேஜாராவுதேன்னு இட்டாந்தேன். பேரு மின்னலு."

"எங்க வூட்டு நாய்க்கு மணின்னுதான் பேரு," என்றார் அப்பா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எங்கள் வீட்டில் அதற்கு முன் இருந்த மூன்று நாய்க்கும் அதுதான் பெயர்.

காக்கை விரட்டும் வேலையை மணிக்குச் சொல்லிக்கொடுத்தது நான். காக்கை வலையில் இறங்கியதும் கையை நீட்டி, "சூ! உடாத!" என்பேன். மணி பாயும். பாய்ந்தது என்று எழுதுவது போதாது; நின்ற இடத்தில் மணல் மட்டும் எழும்பும், நாய் அங்கே இருக்காது. காக்கை பறந்ததும் திரும்பி வரும். என் மூடிய கையிலிருந்து ஒரு நெத்திலி கிடைக்கும். முதல் நாள் எத்தனை காக்கை, எத்தனை நெத்திலி, இரண்டாம் நாள் எத்தனை என்று ரஃப் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வந்தேன். ஐந்தாம் நாள் நான் கையை நீட்ட வேண்டியிருக்கவில்லை, 'சூ' என்றாலே போதும். ஆறாம் நாளிலிருந்து காக்கைகள் தெருவையே மாற்றிக்கொண்டன. நான் படகு நிழலில் படுத்துக்கொண்டு புத்தகம் படித்தேன்.

"பள்ளிக்கூடத்துக்குப் போயி இதுவாச்சும் கத்துகினியே," என்றாள் அம்மா. அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு.

முதல் கோழி செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். சாம்பல் நிறப் பெட்டை. நிழலில் அரைத் தூக்கத்தில் இருந்த எனக்கு முதலில் அம்மாவின் குரல் கேட்டது, பிறகு சிறகடிப்பு, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து பார்த்தால் மணி அதை வாயில் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வந்துகொண்டிருந்தது. கொண்டுவந்து என் காலடியில் போட்டது. போட்டுவிட்டு என் கையைப் பார்த்தது.

அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று அன்று நான் யோசிக்கவில்லை. அலறினேன்.

இரண்டாவது, இரண்டு நாள் கழித்து. கருப்பி, அத்தையின் கோழிகளிலேயே அதிக முட்டை வைப்பது. அத்தை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து கூடையை மணலில் எறிந்தாள்.

"இன்னாம்மே, உன் தம்பி நாய இட்டாந்தானா, எமன இட்டாந்தானா?"

"அண்ணி, நான் இன்னா பண்ணுவேன்? கத்திகினுதான் இருந்தேன்."

"கத்துனியாம். பேமானி நாய், உன் கத்தலுக்கா பயப்புடும்?"

அப்புறம் நடந்ததை எழுதக் கை தயங்குகிறது. ஆனால் நம் ஊர்களில் பல வீடுகளில் இது நடந்திருக்கும். கோழி பிடித்த நாயின் கழுத்தில் அந்தச் செத்த கோழியையே கட்டிவிட்டால் அது அப்புறம் கோழிப் பக்கம் போகாது என்பார்கள். யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, எல்லோரும் செய்வார்கள். அப்பா கருப்பியை நைலான் கயிற்றால் மணியின் கழுத்தில் கட்டினார். இரண்டு நாள், அக்கினி வெயிலில். ஈ மொய்த்தது. படுக்க முடியாமல் மணி கடலில் போய் வயிறுவரை தண்ணீரில் நின்றது. அலை வந்து கோழியைத் தூக்கித் தூக்கி அதன் முகத்தில் அடித்தது. கரையோரம் நடந்து வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் கேமராவைத் தூக்கினார், பிறகு இறக்கிக்கொண்டார். நான் கிட்டே போகவில்லை. நாற்றம் என்று அன்று சொன்னேன்.

அப்பா கொடூரமானவர் இல்லை. கயிற்றை அவிழ்த்ததும் அவரே சோப்புப் போட்டு மணியைக் குளிப்பாட்டினார். அவருக்குத் தெரிந்த மருந்து அது. அதனால் மணி ஒன்றைக் கற்றுக்கொண்டது: அப்பா கையைத் தூக்கினால் தூரமாகப் போய்விட வேண்டும். கோழியைப் பற்றி எதுவும் கற்கவில்லை. அடுத்த வாரம் மூன்றாவது போயிற்று, பாதி வளர்ந்த குஞ்சு.

இந்தத் தடவை அத்தை கத்தவில்லை. எங்கள் வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"டேய் தம்பி. இன்னிக்கிக் கோழி. நாளைக்கி அந்தச் சேவலு. உன் உசுருக்குன்னு நேந்தது. அதுல இது வாய வச்சா, ஆடிக்கி நான் இன்னாத்த எடுத்துகினு போயி அவ முன்னால நிப்பேன்?"

கடைசிச் சொல்லில் அவள் குரல் உடைந்தது. அத்தையின் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா தெருமுனைக் கடைக்குப் போய் மாமாவுக்குப் போன் பண்ணினார். அடுத்த வாரம் சனிக்கிழமை, பாண்டிச்சேரி லோடோடு மாமா இந்த வழியாக வருவார். நாயை ஏற்றிக்கொள்வார்.

"ஏத்திகினு எங்க உடுவாரு?" என்று கேட்டேன்.

"வழியில எங்கனா உடுவான். ஓட்டல் கீட்டல் இருக்கிற எடமா பாத்து," என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

ஒன்பது நாள் இருந்தது.

ரஃப் நோட்டில் பட்டியலை அன்றைக்குத்தான் தொடங்கினேன். நோக்கம் நல்லதல்ல: பழியைக் கீரிப்பிள்ளை மேல் போடலாம் என்று பார்த்தேன். மூன்று சாவுக்கும் மூன்று வரி. கிழமை, நேரம், இடம், அப்போது யார் எங்கே, என்ன சத்தம். அம்மாவைக் கேட்டேன், எதிர்வீட்டில் கேட்டேன், ஞாபகத்திலிருந்து எடுத்தேன். கட்டம் போட்ட தாளாகப் பார்த்து எழுதினேன்.

கீரிப்பிள்ளை எங்கும் வரவில்லை. மூன்றும் நெத்திலி காயப் போட்ட நாள். மூன்றும் வலையின் மேல் நடந்தது. மூன்றிலும், நாய் பாய்வதற்கு முன்னால், அடுப்படியிலிருந்து அம்மா கோழியைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள்: "சூ!"

மீன் காயாத நாட்களுக்கும் ஒரு பத்தி இருந்தது. அதில் எதுவும் நடக்கவில்லை. மணி படகு நிழலில் படுத்திருக்கும், கோழிகள் அதைச் சுற்றி மண் கிளறும். ஒருநாள் ஒரு குஞ்சு அதன் முதுகில் ஏறி நின்றதைக்கூட எழுதியிருந்தேன்.

தாளைப் பின்னால் புரட்டினேன். முதல் பக்கத்தில் என் கையெழுத்தில், அழகாக, தேதி வாரியாக: சூ சொன்னால் பாய வேண்டும், வலை மேல் இருப்பதைத் துரத்த வேண்டும், திரும்பி வந்தால் நெத்திலி. இறக்கை இருப்பதில் எது காக்கை, எது அத்தையுடையது என்று நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. செத்த கோழியை என் காலடியில் போட்டுவிட்டு மணி கூலிக்காகத்தான் என் கையைப் பார்த்திருக்கிறது.

வேட்டைக் குணம் அதன் ரத்தத்தில் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது. அதற்கு வழி காட்டிக்கொடுத்தது நான்.

ஒன்பது நாளில் இரண்டு நாளைப் பயத்தில் வீணாக்கினேன். மூன்றாம் நாள் மதியம் அத்தை அரிவாள்மணையில் காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது போய் எதிரில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து படித்துக் காட்டினேன். அவள் கை நிற்கவில்லை. நான் முதல் பக்கத்துக்கு வந்தபோதுதான் நின்றது.

"அப்ப நீதான் சொல்லிக் குடுத்த."

"ஆமா அத்த."

"மூணு கோழி."

"ஆமா."

"அப்ப உன் கழுத்துலதான் கட்டியிருக்கணும்." மீன் செதில் ஒட்டிய கையால் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது. ஆனால் குட்டு விழுந்ததும் எனக்குள் எதுவோ இறங்கி உட்கார்ந்தது. இரண்டு நாளாகச் சரியாக மூச்சு விடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "சொல்லிக் குடுத்தவதானே, அழிச்சிக் குடு பாக்கலாம். வெள்ளிக்கெழம தாண்டுனா உன் மாமன் வந்துருவான். அதுக்குள்ள. சேவலு மேல ஒரு கீறல் பட்டுதுன்னா நானே லாரில ஏத்துவேன், நாயோட சேத்து உன்னயும்."

ஏழு நாள்.

முதலில் அப்பா. நோட்டைக் காட்டினேன். அவர் எழுந்து போய் நாலு சவுக்குக் கம்பை நட்டு, உடைந்த துடுப்புகளைக் குறுக்கே கட்டி, இடுப்பு உயரத்துக்கு வலையை இழுத்துக் கட்டினார். மீனைத் தரையில் போடாதீர்கள், மேலே காயப் போடுங்கள் என்று யார் யாரோ வந்து பல வருடமாகச் சொன்னதுதான். நாங்கள்தான் கேட்டதில்லை. இப்போது கோழிக்கு மீன் எட்டவில்லை. கோழி வலைக்கு வர வேண்டிய காரணமே போய்விட்டது.

அடுத்து அம்மாவின் வாய்.

"கோழிய சூன்னு சொல்லாம, வாங்கம்மா போங்கம்மான்னா சொல்லுவாங்க?"

"சேவல மட்டும் சொல்றியே."

"அது சாமிடி!"

"ஆடிவரைக்கும் எல்லாத்தையும் சாமின்னு நெனச்சிக்கோ."

அத்தை முற்றத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தது கேட்டது.

மூன்றாவது மணி. காலையில் கோழிகளைத் திறப்பதற்கு முன்னால் அதை அலையோரமாக ஓட விடுவேன். எனக்கு மூச்சு வாங்கி நான் உட்கார்ந்த பிறகும் அது இரண்டு தடவை போய்வரும். பிறகு வயிறு நிறையச் சோறு. அதற்கப்புறம்தான் அம்மா படகின் பலகையை எடுப்பாள். மணியின் கழுத்தில் பழைய நங்கூரக் கயிறு, மறுமுனை என் கையில். கோழிகள் இரை பொறுக்கும். மணி பார்க்கும், காது விறைக்கும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எப்போதாவது அது கோழியை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்குமே, அந்த நொடியில் ஒரு நெத்திலி. முன்பு எதற்குக் கூலி கொடுத்தேனோ அதற்கு இப்போது இல்லை. கண்ணைத் திருப்புவதற்குத்தான் கூலி. முதல் நாள் நான்கு தடவை திரும்பியது. மூன்றாம் நாள் எண்ண முடியாமல் கோடு போட ஆரம்பித்தேன். ஆறாம் நாள் கயிறு தொய்ந்து மணலில் கிடந்தது.

ஏழாம் நாள் சனிக்கிழமை. மாமாவின் லாரி மதியம் வந்தது. கூடவே, கோடையில் எப்போதாவது வருமே, அந்த மாதிரி ஒரு மழையும் சொல்லாமல் வந்தது.

மழை என்றதும் கோழிகள் படகுக்குள் போய்விட்டன. அப்பாவும் அம்மாவும் வலையை அவிழ்க்க ஓடினார்கள். ஒரு முடிச்சு முதலில் அவிழ்ந்து, வலை ஒரு பக்கமாகச் சரிந்து, பாதி நெத்திலி மணலில் கொட்டியது. எங்கிருந்தோ காக்கைகள் இறங்கின. அவற்றின் நடுவில், மழையானாலும் வெயிலானாலும் தன்னைக் கேட்க ஆளில்லாத அந்தச் சேவல், மஞ்சள் துணிக் காலை எடுத்து வைத்து நடந்து வந்து கொத்த ஆரம்பித்தது.

அம்மாவின் இரண்டு கையிலும் வலை. வாய் மட்டும்தான் மிச்சம் இருந்தது. எத்தனையோ வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"சூ!"

கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது, விசைப்பலகையில் கை வைத்தால் தெரியாது, திருப்பினால் தெரியும். காக்கைகள் எழும்பின. அத்தை, "அய்யோ!" என்று கத்தியது மட்டும் கேட்டது.

சேவல் ஓடவில்லை. ஒரு காலைத் தூக்கியபடி தலையைச் சாய்த்து, தன்னை நோக்கி வருவது என்ன என்று ஒரு கண்ணால் பார்த்தது. மணி ஈர மணலில் நாலு காலையும் ஊன்றிச் சறுக்கி, அதற்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. மூக்கிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. சேவல் அந்த மூக்கைப் பார்த்தது, கீழே குனிந்தது, இன்னொரு நெத்திலியை எடுத்தது.

மணி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது.

கையில் மீன் இல்லை. மணலில் கிடந்ததை அப்படியே அள்ளினேன், ஒன்றில்லை, ஒரு பிடி. மண்ணும் மழையும் என் ரத்தமும் எல்லாம் அதில் இருந்திருக்கும். மணி என்னிடம் வந்து அதைச் சாப்பிட்டது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேனா என்று ஞாபகமில்லை. அழுதேன் என்றுதான் அம்மா சொல்கிறாள்.

லாரியிலிருந்து இறங்கி, தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்ற மாமாவுக்குத்தான் பெரிய ஏமாற்றம்.

"இன்னா மச்சான் இது? வேட்ட நாயி வேட்ட நாயின்னு குடுத்தான். சேவலாண்ட சலாம் போட்டுகினு நிக்கிது?"

"நீ லாரிய எடுத்துகினு கெளம்பு," என்றாள் அத்தை. "எங்க வூட்டு நாய எங்களுக்குப் பாத்துக்கத் தெரியும்."

அவள் சேவலைத் தூக்கி ஒவ்வொரு இறகாகப் புரட்டிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா," என்று மழையிலேயே கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். ஏழு நாள் பாடுபட்டது நான், பேர் மட்டும் ஆத்தாவுக்கா என்று எனக்கு அன்று கோபம் வந்தது.

இப்போது அவ்வளவு நிச்சயமாகப் பேச மாட்டேன். இந்த மாதிரி நாய் ஓடுவதைத்தான் துரத்தும், ஓடாததன் முன்னால் அதற்கே குழப்பம் வரும் என்று பிற்பாடு ஒரு கால்நடை மருத்துவர் சொன்னார். ஏழு நாள் பயிற்சி போதவே போதாது என்றும் சொன்னார். அப்படியானால் அன்று மணியை நிறுத்தியது என் நெத்திலியா, யாரும் விரட்டாததால் ஓடவே கற்றுக்கொள்ளாத அந்தச் சேவலா? சேவலை யாரும் விரட்டாததற்குக் காரணம் அத்தையின் வேண்டுதல். சுற்றிச் சுற்றி அத்தை சொன்ன இடத்துக்கே வந்து நிற்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், இதைப் படித்துவிட்டு யாரும் தைரியமாக நாயையும் கோழியையும் ஒன்றாக விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். அந்த மழைக்குப் பிறகும் நாங்கள் மணியைக் கோழிகளோடு தனியே விட்டதில்லை. ஆள் இல்லாத நேரத்தில் அதைக் கட்டிப்போட்டிருப்போம், அல்லது கோழிகள் படகுக்குள் இருக்கும். காலை ஓட்டம், முதலில் நாய்க்குச் சோறு, வலை மேலே, 'சூ' கிடையாது: மணி கிழவனாகிச் சாகும்வரை இந்த வரிசை மாறவில்லை. அத்தனை வருடத்தில் பருந்து தூக்கியது உண்டு, கீரி பிடித்ததும் உண்டு. மணியால் ஒன்றுகூடப் போகவில்லை.

தோழியின் பட்டியல் போன வாரம் வந்தது. நாய் பாயப் பார்த்தது இரண்டு தடவை. இரண்டு தடவையும், கொத்தமல்லிப் பாத்தியிலிருந்து யாரோ துடைப்பத்தோடு கோழிகளை ஓட ஓட விரட்டியிருக்கிறார்கள். பாத்தியைச் சுற்றி வலை அடித்துவிட்டாள். நாய் வீட்டில்தான் இருக்கிறது. ஐந்து ஐந்தாகவே இருக்கிறது.

ஆடியைச் சொல்லாமல் முடித்தால் அத்தை இன்றும் கோபித்துக்கொள்வாள்.

கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை, குளிப்பாட்டி மஞ்சள் தடவிய சேவலை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கோயிலுக்கு நடந்தாள். பக்கத்தில் அப்பா, புது வேட்டியில். நாயிடமிருந்து காப்பாற்றியது இதற்குத்தானா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் கேட்டேன்.

"உன் நைனாவ கடலு திருப்பிக் குடுத்துதா இல்லியா?" என்றாள் அத்தை. "சொன்ன சொல்லு எனக்கு இன்னிக்கித்தான் எறங்குச்சு. இனிமேதான் எனக்குத் தூக்கம் வரும்."

மத்தியானம் அவள் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. நான் குழம்பு மட்டும் ஊற்றிக்கொண்டேன். சாப்பிட்டு முடித்ததும் அத்தை ஒரு அலுமினியத் தட்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கி, மணி படுத்திருந்த படகு நிழலை நோக்கி நடந்தாள். அந்த நாய்க்கு அவள் கையால் எதுவும் போட்டதே இல்லை.

அம்மா பதறினாள். "அண்ணி, நாய்க்குக் கோழி போடக் கூடாதுன்னு இவ நோட்டுல எழுதி வச்சிகீறா!"

"எனக்குத் தெரியாதா? இது மீனு." வஞ்சிரம் தலை, அதற்கென்று தனியாக எடுத்து வைத்து வேகவைத்தது. தட்டைக் கீழே வைத்தாள். "மணி. இந்தா."

மணி எழுந்து தட்டை முகர்ந்தது. பிறகு தலையைத் தூக்கி, தூரத்தில் நின்ற என்னைப் பார்த்தது.

"இன்னாடா, அவளக் கேட்டுகினுதான் துன்னுவியா?"

நான் தலையாட்டினேன். மணி குனிந்தது. அத்தை பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்து, முள்ளைப் பிரித்துப் பிரித்துச் சதையைப் போட்டாள்.